மங்கலாக்கவே ஒரு கண்ணாடி

பிலிம் ரோல் கேமராவைப் பரண்மேல் போட்டுவிட்டு, ஆசை ஆசையாக டிஜிட்டல் கேமரா வாங்கிய பலர் முதலில் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? "இவ்வளவு காசு கொடுத்தும் படம் ஏன் லேசா மங்கலா இருக்கு?"

லென்ஸ்மேல் பழி போடாதீர்கள். பல கேமராக்களில் அந்த மங்கலை வேண்டுமென்றே வைத்தது கம்பெனிக்காரர்கள்தான்!

பிலிமில் வெள்ளி உப்புத் துகள்கள் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கும். டிஜிட்டல் சென்சாரிலோ, ஒளியை வாங்கும் புள்ளிகள் வரிசை பிசகாமல் கட்டம் கட்டமாக நிற்கும். நெருக்கமாகக் கோடு போட்ட சட்டை ஒன்று அதன் முன்னால் வந்தால் போதும். கோடும் கட்டமும் மோதி, துணியில் இல்லவே இல்லாத அலைகள் படத்தில் நெளியும். டிவியில் சிலருடைய சட்டை மினுமினுவென்று ஆடுவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான்! இதைத் தடுக்கத்தான் சென்சாருக்கு முன்னால் மெல்லிய வடிகட்டி ஒன்றை வைத்து, படத்தை ஓர் இம்மி மங்கலாக்கினார்கள்.

2012-இல் நிக்கான் நிறுவனம், டி 800 இ என்ற கேமராவில் அந்த வடிகட்டியின் விளைவை ரத்து செய்து துணிந்து விற்றது. இப்போது வரும் பல கேமராக்களில் அந்த வடிகட்டியே கிடையாது.

உங்களிடம் இருப்பது பழைய கேமராவா? கவலை வேண்டாம். கம்ப்யூட்டரில் ஷார்ப்னஸைக் கொஞ்சமே கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். அளவு மீறினால் முகத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும், ஜாக்கிரதை!