சுக்குக் காப்பி சரி, நிலாவாரை?

வீட்டில் 70 வயது தாண்டிய ஆச்சியோ தாத்தாவோ உடம்பு அசதியாக இருக்கிறது என்றால், திருநெல்வேலிப் பக்கம் முதலில் அடுப்பில் ஏறுவது சுக்குக் காப்பிதான். அம்பாசமுத்திரத்திலிருந்து தாமிரபரணியோடு இறங்கி ஆத்தூர் வரை போனாலும் செய்முறையில் பெரிய வித்தியாசம் இருக்காது. ‘மூத்தோருக்கான எனர்ஜி டீ’ என்று அட்டைப்பெட்டியில் விற்கிறவற்றைவிட இதில் ஒரு நிம்மதி உண்டு: உள்ளே என்ன போட்டோம் என்பது நமக்குத் தெரியும்.

தூளை வீட்டிலேயே செய்துகொள்வது நல்லது. 100 கிராம் மல்லிக்கு 50 கிராம் சுக்கு, ஒரு தேக்கரண்டி மிளகு, நாலைந்து ஏலக்காய். மல்லியை வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்தால் போதும், கருகினால் கசந்துவிடும். சுக்கின் மேல்தோலைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிடுங்கள். சுக்குக்குப் புறநஞ்சு என்று பெரியவர்கள் சொல்லிவைத்தது சும்மா இல்லை. கடைச் சுக்கு வெள்ளை வெளேரென்று இருந்தால் பெரும்பாலும் அது சுண்ணாம்பு. மண்ணும் பூஞ்சையும் ஒட்டியிருப்பதும் அந்தத் தோலில்தான். உடைத்தால் உள்ளே கறுத்தோ பொடிந்தோ இருக்கிற துண்டுகளைத் தூக்கிப் போடுங்கள். சுரண்டியதை முழுசாக மிக்சியில் போட்டால் பிளேடு போய்விடும். அம்மிக் குழவியால் ஒன்றிரண்டாகத் தட்டிக்கொண்டு அப்புறம் அரைக்க வேண்டும்.

ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி தூள், ஐந்து நிமிஷக் கொதி. கருப்பட்டியைத் தனியாக வெந்நீரில் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள்; அடியில் தங்குகிற மண்ணைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

இதில் தெம்பு எங்கிருந்து வருகிறது? முதலில், தண்ணீரிலிருந்து. வயதாக ஆகத் தாக உணர்வு மங்கிவிடும். நெல்லை வெயிலில் நாள் முழுக்க இரண்டு மூன்று டம்ளர் தண்ணீரோடு ஓட்டுகிற பெரியவர்களுக்கு அசதியும் தலைச்சுற்றலும் வருவதில் ஆச்சரியமில்லை. வெறும் தண்ணீரைக் கொடுத்தால் வேண்டாம் என்பார்கள், சுக்குக் காப்பி என்றால் கை நீட்டுவார்கள். அடுத்தது சுக்கு. இஞ்சி காயும்போது அதிலுள்ள ஜிஞ்சரால் என்ற பொருளில் ஒரு பகுதி ஷோகாலாக மாறுகிறது. அதனால்தான் சுக்கின் காரம் இஞ்சியைவிடத் தூக்கல். இஞ்சி வகை குமட்டலைத் தணிக்கும், வயிற்று மந்தத்தையும் ஓரளவு குறைக்கும். சாப்பாடு இறங்கினால் ஆளும் தெளிவார். மூன்றாவது, கருப்பட்டி தருகிற சர்க்கரை.

இதைச் சொன்னால் நம் ஊரில் சண்டைக்கு வருவார்கள். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, அதன் மணத்துக்கு ஈடு கிடையாது, எல்லாம் சரி. ஆனால் அதிலும் முக்கால் பங்குக்கு மேல் சர்க்கரைதான். நீரிழிவுக்காரர்கள் ‘கருப்பட்டிதானே’ என்று இரண்டு வேளை குடித்தால் அடுத்த ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். அவர்கள் மல்லியைக் கூட்டி, இனிப்பில்லாமல் பழகிக்கொள்ளலாம்; ஒரு வாரத்தில் நாக்கு ஒத்துப்போகும்.

ரோட்டோரத்தில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிற ஆவாரம்பூவை நிழலில் காயவைத்துக் கொதிக்கவைப்பதும் இங்கே பழைய வழக்கம். குடிக்கலாம். அதை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தக் கூடாது. கடையில் வாங்கும் பொடியில் அதிமதுரம் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் அதிகமாகச் சேர்த்தால் உடம்பில் உப்பைத் தேக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும்.

இனி நிலாவாரை. திருநெல்வேலியின் பெயரை உலகத்து மருந்துக் கடைகளுக்கெல்லாம் கொண்டுபோன மூலிகை இதுதான். அரேபிய, ஆப்பிரிக்க மண்ணைச் சேர்ந்த இந்தச் செடி 19-ஆம் நூற்றாண்டிலேயே நம் பக்கத்து வறண்ட காடுகளில் பயிராகி, தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறியது. ஐரோப்பிய மருந்து நூல்களில் அதன் பெயரே ‘டின்னவெல்லி சென்னா’. உள்ளூரில் அவுரி என்றும் சொல்வார்கள். தண்ணீர் அதிகம் கேட்காத பயிர். இலையை உருவி, பச்சை நிறம் போகாமல் நிழலில் உலர்த்துவார்கள்.

மலச்சிக்கலுக்கு இது உண்மையிலேயே வேலை செய்யும். உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சென்னா இருக்கிறது. இலையிலுள்ள சென்னோசைடுகள் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்து, அங்குள்ள பாக்டீரியாக்களால் மாற்றப்பட்ட பிறகுதான் குடலைத் தூண்டும். அதனால் ராத்திரி குடித்தால் காலையில், அதாவது 6 முதல் 12 மணி நேரத்தில், பலன் தெரியும். என்றைக்கோ ஒருநாள் என்றால் சரி. ஒரு வாரத்துக்கு மேல் தொடர்வது மருத்துவர் சொல்லி நடக்க வேண்டிய காரியம்.

தினமும் குடித்தால் நடப்பது வேறு. பேதியோடு தண்ணீரும் பொட்டாசியமும் வெளியேறும். ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஏற்கெனவே பொட்டாசியம் இறங்கியிருக்கலாம். இரண்டும் சேர்ந்தால் கால் துவளும், தசை இழுக்கும், இதயத் துடிப்பே தடுமாறலாம். இதயத்துக்கு டிஜாக்சின் சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். தெம்புக்கு என்று குடிக்க ஆரம்பித்து ஆள் துவண்டுபோவது இப்படித்தான். ‘டீடாக்ஸ்’, ‘ஸ்லிம்மிங்’ என்று பெயர் போட்டு வருகிற தேநீர்ப் பைகள் பலவற்றில் இருப்பதும் இதே இலை. பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். சென்னா, சென்னா லீஃப், நிலாவாரை, நிலவாகை என்று ஏதாவது கண்ணில் பட்டால் அது மருந்து அலமாரிக்கு உரியது, டீத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

இரண்டு வாரமாகியும் அசதி தீரவில்லை என்றால் கஷாயத்தை மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, பி12 இவற்றைப் பார்த்துவிட வேண்டும். பல வருஷமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது சகஜம். சித்த மருந்துதான் வேண்டும் என்றால் பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போகும்போது ஆங்கில மருந்துச் சீட்டையும் எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் தினசரி சுக்கைப் பற்றியும் அவசியம் சொல்ல வேண்டும்.

சுக்குக் காப்பிக்கு நல்ல நேரம் சாயங்காலம் நாலரை, ஐந்து. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் மிளகைத் தவிர்த்து, ஏதாவது சாப்பிட்டபின் குடிக்கட்டும். ஏழு மணிக்கு மேல் டம்ளர் நிறையக் கொடுத்தால் ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்திருக்க வேண்டிவரும். வயதானவர்கள் இருட்டில் தடுக்கி விழுவது அந்த நேரத்தில்தான்.