பரத்பூருக்கு ஒரு பயணம்

இராஜஸ்தான் மாநிலம் பரத்பூரில் உள்ளது கேவலாதேவ் தேசியப் பூங்கா. ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அது, 1985இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

அங்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் நாளைப் பள்ளி நாட்காட்டியை மட்டும் பார்த்துக் குறிக்க இயலாது. பறவைகளின் வரவையும் பார்க்க வேண்டும். மழைக்கால இறுதியில் மஞ்சள்மூக்கு நாரைகள் நீர்நடுவே நிற்கும் மரங்களில் கூடு கட்டியிருக்கும். குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் இமயத்தைக் கடந்து வந்து சேரும். (இவ்வினத்து வாத்துகள் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்திற்கும் வருகின்றன!) கோடை விடுமுறையில் சென்றாலோ, பெரும்பாலும் வறண்ட தரையையே காண நேரும்.

விடியற்காலையே ஏற்ற பொழுது. நாற்பது பேர் ஒன்றாகச் செல்லாமல், சிறு குழுக்களாகப் பிரிவது நன்று. கூச்சலைக் கேட்டுத் தாய்ப்பறவை கூட்டைவிட்டு எழுந்தால், குஞ்சுகள் வெயிலிலும் காக்கைகளின் கண்ணிலும் படும். பூங்காவின் ரிக்‌ஷா ஓட்டுநர்கள் பறவைகளை அடையாளம் காட்டுவதில் தேர்ந்தவர்கள். ஆசிரியரைவிட அவர்களிடம் கேட்பதே மேல்.

பறவைகளின் பெயர்ப்பட்டியலை மாணவர்கள் முன்னதாகவே எழுதிக்கொள்ளலாம். அதில் சைபீரியக் கொக்கு இடம்பெறாது. 2002ஆம் ஆண்டுக்குப் பின் அது அங்கு வரவில்லை.