ஒரு வரிசைன்னா ஒரு ஆள்: டேபிள், ஃபீல்டு, ரெக்கார்டு

டேட்டாபேஸ் பத்திப் பேச ஆரம்பிச்சாலே டேபிள், ஃபீல்டு, ரெக்கார்டுன்னு மூணு வார்த்தை முன்னாடி வந்து நிக்கும். இந்த மூணையும் இன்னைக்கு நான் ஒரு உண்மைச் சம்பவத்தை வெச்சே விளக்கப் போறேன்.

2020 செப்டம்பர் கடைசி, இங்கிலாந்து. கொரோனா மறுபடி ஏறிட்டிருந்த நேரம். பரிசோதனைக் கூடங்கள் அனுப்பும் முடிவுகளை ஒரே இடத்தில் சேர்ப்பது பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து என்ற அரசு அமைப்பின் வேலையா இருந்துச்சு.

இந்த மாதிரி வேலைக்கு ஒரு டேபிள் வேணும். ஒரே வகையான விவரங்களைக் கட்டம் போட்டு அடுக்கி வைக்கிற இடம் அது. பெயர், போன் நம்பர், டெஸ்ட் தேதி என்று தலைப்பு போட்டு மேலிருந்து கீழே இறங்குவது ஃபீல்டு, தமிழில் புலம். தேதி ஃபீல்டில் தேதி மட்டும்தான் இருக்கணும். இடமிருந்து வலமா, ஒரு ஆளோட எல்லா விவரமும் சேர்ந்த வரிசைதான் ரெக்கார்டு, தமிழில் பதிவு. ஸ்கூல் கணக்கில் படிச்ச நிரல், நிரை ஞாபகம் இருக்கா? நிரல் ஃபீல்டு, நிரை ரெக்கார்டு.

அங்கே முடிவுகளைச் சேர்க்க இடையில் பயன்படுத்தியது எக்செல்லின் பழைய எக்ஸ்எல்எஸ் ஃபைல். அதில் 65,536 வரிசைதான் பிடிக்கும். அதுவே நிறையன்னு தோணும். ஆனா ஒவ்வொரு ஆளோட முடிவும் பல வரிசைகளை எடுத்துக்கிட்டதால், சுமார் 1,400 பேரோடு ஒரு ஃபைல் நிரம்பிடுச்சு. அதுக்கு மேல வந்தவங்க சத்தமில்லாம விடுபட்டாங்க.

இப்படி செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை கணக்கில் வராமப் போனது 15,841 பாசிட்டிவ் கேஸ். அவங்களுக்கு ரிசல்ட் போயிடுச்சு. ஆனா அவங்களோட பழகினவங்களைத் தேடி எச்சரிக்கும் வேலை தாமதமாச்சு. தொற்று பரவுற நேரத்தில் அந்த ஒவ்வொரு நாளும் முக்கியம்.

முறையான டேட்டாபேஸ்ல ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் தனி அடையாளம் ஒண்ணு கொடுப்பாங்க. அதுக்குப் பேர் பிரைமரி கீ. 1970-ல், ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் எழுதின ஆய்வுக் கட்டுரையிலேயே இது இருக்கு. ஒரு ரெக்கார்டை ஏத்த முடியலைன்னா டேட்டாபேஸ் எரர் காட்டும். கமுக்கமா விட்டுட்டுப் போகாது.

அதனால அடுத்த தடவை ஷீட் போடும்போது ரெண்டு விஷயம் பாருங்க. இதில் ஒரு வரிசைன்னா என்ன: ஒரு ஆளா, ஒரு பில்லா, ஒரு ஆர்டரா? வந்த எண்ணிக்கையும் ஏறின எண்ணிக்கையும் ஒண்ணா இருக்கா?

ரெண்டு டேபிளை எப்படி இணைக்கிறதுன்னு அடுத்த எபிசோடில் பேசலாம்.