ஓசையைச் சேகரிப்போர்



முத்திரை சேர்ப்போரை அறிவோம். பழைய நாணயம் சேர்ப்போரையும் அறிவோம். அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் பழைய தூசு உறிஞ்சும் இயந்திரங்களைத் தேடிச் சேர்ப்போர் உளர். வீடு துப்புரவாக்கும் பொறியில் அப்படி என்ன மோகம் என்று கேட்கத் தோன்றும். விடை காண அப்பொறியின் கதையைச் சற்று அறிதல் வேண்டும்.

1901 இல் லண்டனில் ஹியூபேர்ட் செசில் பூத் என்ற பொறியியலாளர் அமைத்த பொறி, குதிரை இழுத்துவரும் அளவு பெரிது. பெற்றோலில் இயங்கிய அது தெருவில் நிற்கும்; நீண்ட குழாய்கள் மட்டும் யன்னல் வழியே வீட்டினுள் செல்லும். கைக்கு அடக்கமான மின்பொறியை ஆக்கியவர், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக் கன்ரன் நகரில் கடையொன்றைத் துப்புரவு செய்துவந்த ஜேம்ஸ் மறே ஸ்பாங்ளர். தொய்வு நோயாளியான அவருக்குத் தூசு பெரும்பகை. மின்விசிறி மோட்டார், தும்புத்தடிக் கைப்பிடி, தலையணை உறை ஆகியவற்றை ஒன்றாகப் பொருத்தினார். 1908 இல் காப்புரிமையும் பெற்றார். அவ்வுரிமையை வாங்கியவர் தோற்பொருள் உற்பத்தியாளரான ஹூவர்.

பொறியின் தத்துவம் எளிது. விசிறி உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ள, அங்கே அமுக்கம் குறைகிறது. வெளிக்காற்று தூசையும் வாரிக்கொண்டு அவ்விடம் பாய்கிறது. துணிப்பை காற்றைப் போகவிட்டுத் தூசைத் தடுத்துக்கொள்கிறது. 1926 இல் ஹூவர் நிறுவனம் கம்பளத்தைத் தட்டும் உலோகச் சட்டங்களையும் சேர்த்தது. இரைச்சலோடு தாளமும் கூடிற்று.

சேகரிப்போர் பலர் நாடுவது இந்த ஓசையையே என்பது என் எண்ணம். அம்மா வீட்டில் நிற்கிறாள் என்பதைக் குழந்தைக்கு உணர்த்திய ஓசை அது. என் தாயாரின் தையல் மெசின் போன்ற ஒன்று எங்கேனும் மிதிபடக் கேட்டால், நானும் ஐந்து வயதுச் சிறுவனாகிவிடுகிறேன். 2008 இல் மறைந்த ஸ்டான் கான் என்பவர், சென்ற் லூயிஸ் நகரின் பொக்ஸ் அரங்கில் ஓர்கன் வாசித்த கலைஞர். சிறுவயது முதலே இப்பொறிகளில் மனம் பறிகொடுத்துச் சேர்த்தவர். ஓர்கனும் காற்றால் பாடும் கருவிதானே!

ஓசை வேண்டுமாயின் பொறி ஓடவேண்டும். கண்ணாடிப் பேழையில் உருவம் எஞ்சும், குரல் எஞ்சாது. ஆதலால் இற்றுப்போன இறப்பர் பட்டியையும், மோட்டாரினுள் தேய்ந்த காபன் துண்டுகளையும் மாற்றவேண்டும். பழைய வயரின் காப்புறை வெடித்து உதிர்ந்திருந்தால், புதுவயர் பொருத்தாமல் மின் கொடுத்தலாகாது. பழைமை கெடுமே என்று தயங்கினால் உயிருக்கே ஆபத்து. மாற்ற வேண்டியதை மாற்றினால்தான் காக்க வேண்டியதைக் காக்கலாம்.

தமிழ் கற்பிக்கும் எனக்கு இதில் ஒரு பாடம் உண்டு. வழங்காத சொல் அகராதியில் பத்திரமாகவே கிடக்கும். அதன் ஓசையைப் பிள்ளைகள் அறியவேண்டுமாயின், வீட்டில் யாரேனும் அதைப் பேசவேண்டும்.