அச்சத்திற்குச் சட்டம் உண்டு, சினத்திற்கு?

லண்டன் மாநகரின் கிழக்கே, நியூஹாம் பகுதியில் அமைந்துள்ளது அப்டன் பார்க். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வருவோரைக் கிறீன் வீதியின் சேலைக் கடைகளும் நகைக் கடைகளும் குவீன்ஸ் சந்தையின் மரக்கறிக் கூடைகளும் எதிர்கொள்கின்றன. வெண்டைக்காய்க்கும் மீனுக்கும் பேரம் பேசும் தமிழ்க் குரல்கள் அங்கே உண்டு. அக்குரல்களுக்குரியோர் வீடு திரும்பியபின், உள்துறை அமைச்சின் பழுப்பு உறை ஒன்று கதவடியிற் கிடந்தால் என்ன நேர்கிறது? முதலிற் கை நடுங்குகிறது. சற்று நேரத்தில், ஒன்றுமறியாப் பிள்ளைமீது குரல் உயர்கிறது. அச்சமும் சினமும் இவ்வாறு ஒரே வீட்டில் ஒன்றன்பின் ஒன்றாக வருவது தற்செயலன்று.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினை வகுத்தபோது, ஒவ்வொன்றிற்கும் நான்கு நிலைக்களன்களைக் கூறினார். அச்சம் பிறக்கும் இடங்களாகத் தெய்வம், விலங்கு, கள்வர் ஆகியவற்றுடன், தம்மை ஆளும் தலைவரையும் அவர் சேர்த்துக்கொண்டார். சினத்திற்கு அவர் காட்டிய காரணங்கள் உறுப்பைச் சிதைத்தல், குடியைக் கெடுத்தல், அலைத்து வருத்துதல், கொல்லுதல் என்பன. இவ்விரு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் படிக்கும் ஈழத்து அகதிக்குத் தன் வாழ்க்கை வரலாறே எழுதப்பட்டிருப்பதாகத் தோன்றும். ஆள்வோரிடம் அஞ்சியவன் அவன். உறவைக் கொலைக்குக் கொடுத்துச் சினந்தவனும் அவனே. துயர் ஒன்று, அதன் முகங்கள் இரண்டு.

ஆனால் புகலிடச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவது ஒரு முகம் மாத்திரமே. 1951ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை, துன்புறுத்தலுக்கு ஆளாவோம் என்ற தகுந்த ஆதாரமுள்ள அச்சத்தை அகதிக்குரிய இலக்கணமாக வகுத்தது. அந்த அச்சத்தை எவ்வாறு அளப்பது என்ற வினா, பிரித்தானியாவில் தமிழர்களின் வழக்கொன்றிலேயே தீர்மானிக்கப்பட்டது. 1987இல் தமிழ் அகதிகள் அறுவர் தொடர்ந்த சிவகுமாரன் வழக்கு அது. அஞ்சுபவரின் உள்ளத்து நிலைக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் மதிப்பளித்தது. அவ்வாண்டு டிசம்பரில் பிரபுக்கள் சபை அத்தீர்ப்பை மாற்றியது. ஒருவர் மெய்யாகவே அஞ்சுவது போதாது. அஞ்சியது நிகழக்கூடும் என்பதற்குப் புறச்சான்று நியாயமான அளவில் இருத்தல் வேண்டும் என்றது.

1988 பெப்ரவரியில் அவர்களுள் ஐவர் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அங்கே சிலர் மீண்டும் கொடுமைக்கு உள்ளாயினர். எனினும் வழக்குக் கைவிடப்படவில்லை. இலங்கையிலிருந்தபடியே செய்த மேன்முறையீட்டில், அவர்களுடைய அச்சம் ஆதாரமுள்ளதே என 1989இல் நடுவர் தீர்ப்பளித்தார். அவர்கள் மீண்டும் பிரித்தானியா வந்தடைந்தனர். ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமோ, அவர்களைத் திருப்பியனுப்பியதில் பிரித்தானியா உடன்படிக்கையை மீறவில்லை என 1991இல் முடிவு செய்தது. ஒரே அச்சத்தை எத்தனை துலாக்கோல்கள் நிறுத்துப் பார்த்தன!

சினத்திற்கோ துலாக்கோலே இல்லை. 1987 பெப்ரவரியில், திருப்பியனுப்பப்படவிருந்த தமிழர் பலர் ஹீத்றோ விமான நிலையத்தில் தம் ஆடைகளைக் களைந்து எதிர்ப்புக் காட்டினர். மானத்தை உயிரெனக் கருதும் சமூகத்தவர் அதனைச் செய்தார்களெனின், அச்சம் எவ்வளவு கொதித்திருக்க வேண்டும்! அவ்வாண்டிலேயே, உரிய ஆவணமற்ற பயணிகளை ஏற்றிவரும் விமான நிறுவனங்களுக்குத் தண்டம் விதிக்கும் சட்டம் இயற்றப்பட்டது. நேர்முக விசாரணையில் அமர்பவர் தம் குரலை ஏன் அடக்கிக்கொள்கிறார் என்பது இதிலிருந்து விளங்கும். அழுதால் நம்புவார்கள், சினந்தால் ஐயுறுவார்கள் என அவர் எண்ணுகிறார்.

அடக்கிய சினம் அழிவதில்லை. தன்னை விளைத்தவரை எட்டமுடியாதபோது, கைக்கெட்டிய மெலியோரைத் தேடுகிறது. மனைவியும் பிள்ளைகளும் அதற்கு இலக்காகின்றனர். எவரும் அகப்படாவிடின் தன்னுடலே இலக்காகிறது.

சினத்திற்கு வேறு வழியும் உண்டு என்பதை இதே நியூஹாம் கண்டிருக்கிறது. 1980 ஜூலையில் ஈஸ்ட் ஹாமில் அக்தர் அலி பெய்க் என்னும் இளைஞர் இனவெறியர்களாற் கொல்லப்பட்டார். தெருவில் நடக்க அஞ்சியிருந்த ஆசிய மக்கள் ஊர்வலமாக வெளிவந்தனர். அச்சினத்திலிருந்து நியூஹாம் கண்காணிப்புத் திட்டம் என்னும் அமைப்பு உருவாயிற்று. தாக்குதல்களைப் பதிவு செய்தது. பொலிஸாரிடமும் நீதிமன்றத்திலும் பாதிக்கப்பட்டோருக்குத் துணைநின்றது. இரவிலும் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதிலளித்தது. கொலைகள் அத்துடன் நின்றுவிடவில்லை. 1991இன் இறுதியில் ஈஸ்ட் ஹாமில் தாக்கப்பட்ட தமிழ் அகதி ஒருவர் சில நாட்களில் உயிரிழந்தார். ஆயினும் அஞ்சியவர் கதவைத் தட்டுவதற்கு ஓரிடம் இருந்தது.

ஆகவே பழுப்பு உறை வரும் நாளில், நடுக்கத்தை மறைக்கவும் வேண்டாம். சினத்தைப் பிள்ளைமீது இறக்கவும் வேண்டாம். நிகழ்ந்தவற்றை நாள், இடம், ஆள் எனக் குறித்து வைப்போம். சட்டத்தரணியிடமும் மருத்துவரிடமும் ஒளிக்காது சொல்வோம். திருப்பியனுப்பப்பட்ட பின்னரும் வழக்கை விடாதிருந்தவர்களிடம் அச்சம் மட்டுமா இருந்தது? முறையாகச் செலுத்தப்பட்ட சினமும் இருந்திருக்க வேண்டும். அவர்களை மீண்டும் கொண்டுவந்ததில் அதற்கும் பங்குண்டு.