திவாலும் பஞ்சாயத்து வரிப் பாக்கியும்

“மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டார்” என்று ஒருவரைப் பற்றி ஊரில் பேச்சு எழுந்தால், இனி அவரிடம் யாரும் எதுவும் கேட்க இயலாது என்று கருதுவோர் பலர். கடன் கொடுத்தவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். பஞ்சாயத்தில் வரி தண்டுபவரும் அவ்வீட்டுக் கணக்கை மூடிவைத்துவிடுவார். இவ்வெண்ணம் பாதியளவே சரியானது. மறுபாதியை அறியாமையால் பொதுப்பணம் வீணே கைநழுவிப் போகின்றது.

சென்னை நகர் நீங்கலாக நம் மாநிலத்தில் தனி மனிதரின் திவால் வழக்குகளுக்கு 1920ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டமே இன்றும் பொருந்தும். 2016இல் புதிய சட்டத் தொகுப்பு இயற்றப்பட்டது உண்மையே. எனினும், அதில் தனி மனிதருக்குரிய பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றோரைத் தவிர ஏனையோருக்கு நடைமுறைக்கு வரவில்லை.

மனுக் கொடுத்ததனாலேயே ஒருவர் திவாலானவர் ஆகிவிடமாட்டார். நீதிமன்றம் விசாரித்து, அவரைத் திவாலானவர் எனத் தீர்மானித்தல் வேண்டும். அதன்பின் அவருடைய சொத்து நீதிமன்றத்தையோ, அது நியமிக்கும் ரிஸீவரையோ சாரும். பழைய கடனுக்காக எவரும் நீதிமன்றத்தின் அனுமதியின்றி அச்சொத்தின் மீது நடவடிக்கை எடுத்தலாகாது. பஞ்சாயத்துக்கும் இத்தடை உண்டு. அடமானம் பெற்றவருக்கு மட்டும் அடமானச் சொத்தின் மீதுள்ள உரிமை குலையாது. உழவரின் ஏர், கலப்பை முதலிய கருவிகளும், பிழைப்புக்கு இன்றியமையாதன என நீதிமன்றம் கருதும் மாடுகளும் விதைத் தானியமும், அவர் குடியிருக்கும் வீடும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவால் ஜப்தியினின்று காக்கப்பட்டவை. அவை ரிஸீவரிடம் சேரா.

இனிப் பங்கீட்டைக் காண்போம். அரசுக்கும் உள்ளாட்சி மன்றங்களுக்கும் சேரவேண்டிய பாக்கிகள் மற்றெல்லாக் கடன்களுக்கும் முன்னதாகத் தீர்க்கப்படல் வேண்டும் என்று 61ஆம் பிரிவு கூறுகின்றது. வேலையாட்களின் நான்கு மாதக் கூலி பாக்கியும் அதே வரிசையில் நிற்கின்றது. ஆனால் 20 ரூபாய்க்கு மேற்படாமல்! 1920இல் அது ஒரு தொகையாக இருந்திருக்கலாம். இன்று அரை நாட் கூலிக்கும் காணாது.

ஓர் உதாரணம் கூறுவோம். நெல் அரைவை ஆலை நடத்தி நொடித்த ஒருவருக்கு மொத்தக் கடன் 80,000 ரூபாய் எனக் கொள்வோம். சொத்தை விற்றுச் செலவு போக நின்றது 20,000. கடனில் பஞ்சாயத்து வரிப் பாக்கி 1,800. அரசு பாக்கி 1,200. இவ்விரண்டும் முழுமையாக முதலில் தீரும். எஞ்சிய 17,000 ரூபாயை 77,000 ரூபாய்க் கடன்காரர்கள் பகிர்ந்துகொள்வர். ரூபாய்க்கு ஏறத்தாழ 22 காசு கிடைக்கும். கூட்டுறவுச் சங்கம் உள்ளாட்சி மன்றம் அன்று. ஆகவே ஈடு பெறாமல் அது கொடுத்த கடனும் இந்த 22 காசு வரிசையிலேயே நிற்கும்.

ஆனால் இம்முன்னுரிமை தானே வந்து கதவைத் தட்டாது. பாக்கித் தொகையைப் பிரமாண வாக்குமூலத்தால் மெய்ப்பித்து, நீதிமன்றத்தில் நேரிலோ பதிவுத் தபாலிலோ சேர்ப்பித்தல் வேண்டும். கேட்புப் பதிவேட்டின் நகலும் உடன் இருத்தல் நலம். இதில் அசட்டையாயிருத்தல் பெரும் நஷ்டத்தில் முடியும். காரணம் 44ஆம் பிரிவில் உள்ளது. திவாலானவருக்கு நீதிமன்றம் விடுதலை ஆணை அளிக்கும்போது, அரசுக்குரிய கடன் அழிவதில்லை. மோசடியால் ஏற்பட்ட கடனும் அழிவதில்லை. உள்ளாட்சி மன்றத்தின் பெயரோ அவ்விலக்கில் இல்லை. அதாவது, பங்கீட்டில் அரசோடு சரிசமமாக அமர்த்தப்பட்ட பஞ்சாயத்து, விடுதலைக்குப் பின் மற்றக் கடன்காரர்களோடு வெளியே நிறுத்தப்படுகின்றது. உரிய காலத்தில் கேளாத பழைய பாக்கி அத்துடன் போய்விடும். இவ்வேற்றுமை நியாயமெனத் தோன்றவில்லை. ஆயினும் சட்டம் உள்ளவாறே நடந்துகொள்ள வேண்டியிருக்கின்றது. ஜாமீன் நின்றவருக்கு இவ்விடுதலையால் பயனில்லை. அவரிடம் கடனைக் கேட்கலாம்.

விடுதலை எளிதில் கிட்டுவதுமன்று. ஈடில்லாக் கடனில் ரூபாய்க்கு எட்டணா அளவுக்கேனும் சொத்து இல்லையெனில், அக்குறைவு தம் பிழையால் நேர்ந்ததன்று என்று கடனாளி காட்டல் வேண்டும். இன்றேல் முழு விடுதலை மறுக்கப்படும். குறித்த காலத்துள் விடுதலை கோராவிடில் தீர்மானமே ரத்தாகலாம். அவ்வாறு ரத்தானால், ரிஸீவர் முன்னர்ச் செய்த விற்பனைகள் நிற்கும். மற்றபடி, நீதிமன்றம் விதிக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பஞ்சாயத்து மீண்டும் தன் வழியில் வசூலிக்கலாம்.

நிலத்தை மனைவி பெயருக்கோ மைத்துனர் பெயருக்கோ எழுதி வைத்துவிட்டு மனுக் கொடுப்போர் உளர். தக்க விலை பெறாத அத்தகைய மாற்றம் மனுவுக்கு முந்திய இரண்டாண்டுகளுக்குள் நிகழ்ந்திருப்பின் நீதிமன்றம் அதனைத் தள்ளிவிடக்கூடும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் தம் பொருட்டும் 73ஆம் பிரிவைப் படித்தறிதல் வேண்டும். திவாலானவர் எனத் தீர்மானிக்கப்பட்டவர் உள்ளாட்சி மன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்படவும், அங்கு அமரவும், வாக்களிக்கவும் தகுதியற்றவராவார். தீர்மானம் ரத்தானால் இத்தடை நீங்கும். அன்றி, நொடிப்பு நேர்ந்தது கெட்ட காலத்தாலேயன்றி நடத்தைக் குற்றத்தாலன்று என்னும் சான்றுடன் விடுதலை ஆணை பெற்றாலும் நீங்கும். மழை பொய்த்தோ பயிர் நோயுற்றோ நொடித்தவர்கள், விடுதலை மனுவிலேயே இச்சான்றையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுதல் தகும்.