கத்தரிக்கோல் தூக்கி: உயரும்போது உதவி, தாழும்போது கவனம்

உயர்ந்த கூரையிலுள்ள விளக்கை மாற்றும் பணியாளர், மேடையொன்றில் நின்றபடி நேராக மேலெழுவதைக் கண்டிருப்பீர்கள். அம்மேடையைத் தாங்கும் கால்கள் கத்தரிக்கோல்போல் குறுக்காக அமைந்திருப்பதால் அதற்குக் கத்தரிக்கோல் தூக்கி என்று பெயர். சில மருத்துவமனைக் கட்டில்களிலும் தள்ளுவண்டிகளிலும், சக்கர நாற்காலியைப் படியேற்றும் மேடைகளிலும் இவ்வமைப்பே உள்ளது.

இரண்டு கால்கள் நடுவில் அச்சாணியால் பிணைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு காலிலும் ஒரு முனை ஓரிடத்தில் பொருத்தப்பட்டிருக்கும்; மறுமுனை உருளையின்மேல் நகரும். அடிமுனைகள் நெருங்கினால் கால்கள் நிமிர்ந்து மேடை உயரும், விலகினால் தாழும். கால் 2 மீட்டர் நீளமானால், தரையோடு 30 பாகைக் கோணத்தில் 1 மீட்டர் உயரமும், 60 பாகையில் ஏறத்தாழ 1.7 மீட்டர் உயரமும் கிடைக்கும். எந்த உயரத்திலும் மேடை சாயாமல் சமமாகவே இருப்பது இதன் சிறப்பு.

உயர்த்தும் விசையை மின்மோட்டாரோ எண்ணெய் அழுத்தமோ தரும். எண்ணெய் வகையில், மிதியை அழுத்த அழுத்த எண்ணெய் உருளைக்குள் சென்று தண்டினை வெளியே தள்ளுகிறது. இறக்குவதற்கு வால்வைத் திறந்தால் போதும். மேலுள்ள பாரமே மேடையைக் கீழே கொணரும்.

எச்சரிக்கை தேவைப்படுவது இங்கேதான். மேடை தாழும்போது கால்களுக்கிடையே உள்ள இடைவெளி மூடிக்கொள்கிறது. நோயாளியின் எடை முழுவதும் அங்கு அழுத்துகிறது. விரல், பாதம், சிறுநீர்ப் பை, ஆக்சிஜன் குழாய், தொங்கும் போர்வை ஆகியவற்றுள் எது இடையில் சிக்கினாலும் நசுங்கும். ஆகவே இறக்குமுன் குனிந்து அடிப்புறத்தைப் பாருங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள். கட்டிலுக்கடியில் பைகளை வைக்காதீர்கள்.

உயரத்தைச் சரியாகப் பயன்படுத்துவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. உடல் துடைக்கவும் புரட்டிப் படுக்க வைக்கவும், சக்கரங்களைப் பூட்டியபின் கட்டிலை உங்கள் இடுப்பளவுக்கு உயர்த்துங்கள். உங்கள் முதுகு காக்கப்படும். நோயாளி எழுந்து நிற்குமுன், அவரது பாதங்கள் தரையில் முழுமையாகப் பதியும் உயரத்தில் வையுங்கள். பணி முடிந்ததும், குறிப்பாக இரவில், மிகத் தாழ்ந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். நோயாளி தாமாக இறங்க முயன்று விழ நேர்ந்தாலும் காயம் குறையும்.

ஒவ்வொரு கட்டிலின் மிதியும் பொத்தானும் வேறுபடும். சேர்க்கப்பட்ட முதல் நாளிலேயே, அவற்றை இயக்கிக் காட்டுமாறு செவிலியரிடம் கேளுங்கள்.